ரெஃபரியைப் பெற்றவள்

பரணிலிருந்து கம்ப்யூட்டரை இறக்கும்போதே அவளுக்குக் கோபம் ஏறிவிட்டது. பழைய போர்வையில் சுருட்டி, மேலே ஓர் ஓட்டை வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார் அவள் புருஷன். அது மகளுடைய லேப்டாப் கம்ப்யூட்டர். படிக்கிற காலத்தில் வாங்கிக் கொடுத்தது. மூடிமேல் அவள் ஒட்டிய கால்பந்து ஸ்டிக்கர்கள் இன்னும் பாதி உரியாமல் இருந்தன. மகள் வெளியூரில் வேலை கிடைத்துப் போனதும், கண்ணில் படக்கூடாது என்று இதைப் பரணில் ஏற்றிவிட்டார். சண்டை மகளோடு. கம்ப்யூட்டர் என்ன பாவம் செய்தது?

"நல்லா இருக்குய்யா உங்க நியாயம்," என்று தூசியைப் பார்த்துச் சொல்லிவிட்டு முந்தானையால் துடைத்தாள்.

சண்டை என்னவென்றால், மகள் விசிலை எடுத்ததுதான். அவள் பந்து ஆடிய காலம் வரைக்கும் அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. பஸ் டெப்போ மெக்கானிக். இளவயதில் நீலச்சட்டை டீமுக்குக் கொஞ்ச நாள் ஆடியவர். மகள் ஆடப் போனால் லீவு போட்டுவிட்டுப் போய் மைதான ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார். முழங்கால் போய் ஆபரேஷன் ஆகி, இனி ஆட முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு மகள் அழுது முடித்துவிட்டு ரெஃபரி பரீட்சை எழுதினாள். அங்கேதான் மனிதருக்குப் பிடிக்காமல் போனது.

"ரெஃபரியை ஊரே திட்டும்டி. பெத்தவங்களையும் சேர்த்துத் திட்டும். நானே திட்டியிருக்கேன். என் பொண்ணை நாலு பேர் அப்படித் திட்டறதை நான் காதுல கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? என்னால முடியாது," என்றார். முடியாது என்றவர் அதோடு மகளிடம் பேச்சையே நிறுத்திவிட்டார்.

போன வாரம் மகள் ஃபோன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை லீக் ஃபைனலுக்கு நான்தாம்மா ரெஃபரி. ஆம்பளைங்க மேட்ச். நம்ம அப்பாவோட நீலச்சட்டை ஆடுது. டிவில வராது, இன்டர்நெட்லதான் லைவ். அப்பாவைப் பார்க்க வை. ஆனா நான்தான்னு மட்டும் சொல்லிடாத."

"அது ஏண்டி?"

"சொன்னா ஒண்ணு எழுந்து போயிடுவார், இல்லேன்னா என்னை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருப்பார். அவர் மேட்ச் பார்க்கட்டும்மா. முடிஞ்சதும் ரெஃபரி எப்படின்னு கேளு. என்ன சொல்றாரோ அப்படியே எனக்குச் சொல்லு. பூசி மெழுகாத."

அப்பாவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை. மகளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இவளும் ஒரு வாரமாகக் கனவு கண்டுகொண்டிருந்தாள். கையளவு ஃபோனில் ஆட்டம் பார்க்கிற ஆள் இல்லை அவர். அதனால் கம்ப்யூட்டரை டிவியில் மாட்டியாக வேண்டும். அது அவளுக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறவள். காத்திருக்கிறவர்களுக்குப் பல் விளக்கும் படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து சுவர் டிவிக்குப் போடுவது தினசரி அவள் வேலை. கிளினிக்கிலிருந்தே கேபிளை இரவல் வாங்கி வந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஃபைனலை டிவில போட்டுத் தரேங்க," என்று அவள் சொன்னதுதான் தாமதம், மனிதர் ஆள் சேர்த்துவிட்டார். கூட வேலை பார்க்கிற கண்டக்டர் ஒருவர். செல்ஃபோன் கடை வைத்திருக்கிற தம்பி ஒருவன். இவளைக் கேட்கவில்லை. நாம் இரண்டு பேர் உட்கார்ந்து பார்ப்போம் என்று இவள் நினைத்திருக்க, ஹாலில் பாய் விரித்து டெப்போவே வந்து உட்கார்ந்துவிட்டது.

கொழுந்தனுக்கு வீட்டில் எக்ஸ்பர்ட் என்று பெயர். அவனே வைத்துக்கொண்ட பெயர். வந்ததும் வராததுமாக அவள் கையிலிருந்த கேபிளைப் பிடுங்கினான்.

"தள்ளுங்க அண்ணி. இதெல்லாம் நமக்கு ஜுஜுபி."

மாட்டினான். டிவியில் பச்சைப் புல்வெளி வந்தது. அது மகள் கம்ப்யூட்டர் திரைக்கு வைத்திருந்த படம். புல் இருக்கிறது, ஆள் இல்லை, பந்து இல்லை. ஆட்டம் அது பாட்டுக்குக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. டிவியில் வெறும் புல்.

"கிரவுண்டு வந்துடுச்சு, பிளேயர்ஸ் இன்னும் வரல போல," என்றார் கண்டக்டர்.

எக்ஸ்பர்ட் கேபிளைப் பிடுங்கி வாயால் ஊதினான். வேறு ஓட்டையில் செருகினான். டிவியை அணைத்துப் போட்டான். அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினான். மறுபடியும் புல். கடைசியில் டாக்டர் போல டிவியின் சாவுச் செய்தியைச் சொன்னான்.

"போர்டு போயிடுச்சு அண்ணி. புது டிவிதான் வாங்கணும்."

"உன் மூளையில எந்த போர்டு போச்சுன்னு முதல்ல பாரு. நகரு!"

கம்ப்யூட்டரில் இருப்பதையே டிவியிலும் காட்டு என்று சொல்ல இரண்டு பொத்தான்கள்தான். அமுக்கினாள். ஆட்டம் டிவிக்கு வந்து நின்றது. கண்டக்டர் கை தட்டினார். எக்ஸ்பர்ட் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "நான் முன்னாடியே சரி பண்ணிட்டேன், அது இப்பதான் வேலை செய்யுது," என்றான்.

"படம் வருது, சத்தம் வரலியே?" என்றார் புருஷன்.

சத்தத்தை அவள்தான் அடைத்து வைத்திருந்தாள். வர்ணனையாளர் ரெஃபரி யார் என்று சொல்லிவிட்டால் மகளுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? "பழைய கம்ப்யூட்டருங்க. சத்தம் வராது," என்று கூசாமல் பொய் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

படம் சுமார்தான். மைதானத்தின் உச்சியில் எங்கோ ஒரே ஒரு கேமரா. ஆட்கள் கட்டைவிரல் அளவு. கறுப்புச் சட்டையில், ஒட்ட வெட்டிய முடியோடு நடுவில் நடந்து வருகிற உருவம் ஆணா பெண்ணா என்று தெரியாதவர்களுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியாதா? ஆபரேஷன் ஆன காலை ஊன்றும்போது இடுப்பு லேசாக ஒரு பக்கம் வாங்கும். விசில் ஊதுவதற்கு முன்னால் மகள் குனிந்து இடது கால் சாக்ஸை மேலே இழுத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் அதைச் செய்யாவிட்டால் அவளுக்கு ஆகாது. அதற்காக அப்பா மகளை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறார்!

இவள் புருஷனைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் சட்டென்று முன்னால் சரிந்தார். கண்களைச் சுருக்கினார். அப்புறம் மெதுவாகப் பின்னால் சாய்ந்து, தொடையில் ஒட்டாத தூசியைத் தட்டினார்.

தெரியவில்லையா? பெற்ற பெண்ணின் நடை தெரியவில்லையா இந்த மனுஷனுக்கு? சரி, தூரமாகத் தெரிகிறது, கண்ணாடி வேறு மாற்ற வேண்டும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு டீ போடப் போனாள்.

அடுப்படியில் நின்றால் ஹால் பேச்சு அத்தனையும் கேட்கும். வர்ணனை இல்லாத குறையை இவர்கள் வாய் தீர்த்துவைத்தது. "ரெஃபரிக்குக் கண்ணு பின்னாடி இருக்கா?" "விசிலைக் கடன் வாங்கிட்டு வந்திருப்பான், அதான் ஊதவே மாட்டேங்கறான்." எக்ஸ்பர்ட் ஒன்று சொன்னால் கண்டக்டர் இரண்டு சொன்னார். புருஷன் குரல் மட்டும் கேட்கவில்லை. திட்டுவதில் மன்னன், இன்றைக்கு இவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்றால் ரெஃபரியைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் இவள் எண்ணிக்கொண்டாள், பைத்தியக்காரி. ஏனென்றால் அவர் எப்போதும் சொல்லுகிற பேச்சு ஒன்று உண்டு: "மேட்ச் முடிஞ்சு வீட்டுக்குப் போறவன் ரெஃபரியைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசலைன்னா அவன்தான் நல்ல ரெஃபரி." மகள் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்.

இடைவேளை வரை யாரும் கோல் போடவில்லை. இரண்டாம் பாதியில் இவள் தட்டில் டீயோடு ஹாலுக்கு வந்த நேரத்தில்தான் அது நடந்தது. நீலச்சட்டைக்காரன் ஒருவன், தன் கோலுக்கு முன்னால், எகிறி வந்த பந்தைத் தோளால் தடுப்பதுபோல் கையால் தட்டிவிட்டான். கறுப்புச் சட்டை ஓடி வந்து விரலை நீட்டியது. பெனால்ட்டி.

ஹால் வெடித்தது.

"அடப்பாவி! துட்டு வாங்கிட்டான்டா!" கண்டக்டர் பாயிலிருந்து எழுந்தே விட்டார். "இவனைப் பெத்தவ எவளோ, அவளை நடு மைதானத்துல நிறுத்திச் செருப்பால அடிக்கணும்!"

"பெத்திருந்தாத்தானே அண்ணே? எங்கயாவது குப்பையில பொறுக்கிட்டு வந்திருப்பா!" என்றான் எக்ஸ்பர்ட்.

கண்டக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எக்ஸ்பர்ட் தன் சாமர்த்தியத்துக்குத் தானே சிரித்தான். அவள் கண் முன்னால், நாற்காலியில் சாய்ந்தபடி, அவள் புருஷனும் சிரித்தார். பெரிய சிரிப்பில்லை. நாலு பேர் சிரிக்கும்போது கூட வைக்கிற சிரிப்பு.

குப்பையில் பொறுக்கினாளா? அறுத்துப் போட்ட முழங்காலுக்கு ஆறு மாதம் எண்ணெய் தடவி, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து மறுபடியும் நடக்க வைத்தாளே, குப்பையில் பொறுக்கியதையா?

"ஏங்க," என்றாள். குரலை அடக்கித்தான் கேட்டாள். "நீங்க ஆடினவருதானே. நீங்க சொல்லுங்க. கையில பட்டுச்சா இல்லையா?"

அவர் டிவியைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார், அவளை மட்டும் பார்க்கவில்லை. "தூரமா இருக்கு. சரியாத் தெரியல."

பொய். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த முழி தெரியாதா?

தட்டைத் தரையில் வைத்தாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் குந்தி, சத்தத்தை டிவிக்குத் திருப்பி முழுசாக ஏற்றினாள். வர்ணனையாளரின் குரல் ஹாலை நிரப்பியது.

"...கையில் பட்டது மிகத் தெளிவு. நடுவர் கொஞ்சமும் தயங்கவில்லை. ஆண்கள் இறுதிப் போட்டியில் நம் லீக்கின் முதல் பெண் நடுவர் இவர். முழங்கால் காயத்தால் ஆட்டத்தைவிட்டு விலகிய அதே வீராங்கனைதான், நேயர்களே..."

கேமராக்காரனுக்கும் அப்போதுதான் ஞானம் வந்து கிட்டே போனான். டிவி முழுக்க மகளின் முகம். வியர்த்து, சிவந்து, உதட்டில் விசிலைக் கடித்துக்கொண்டு.

கண்டக்டர் நின்றது நின்றபடி இருந்தார். "இது... நம்ம பாப்பா இல்ல?"

"பாப்பாவேதாண்ணே. அவளைப் பெத்தவ இங்கதான் நிக்கறேன், உங்களுக்கு டீ கொண்டாந்துட்டு. செருப்பு வாசல்ல கிடக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

"ஐயோ தங்கச்சி... சத்தியமாத் தெரியாதும்மா... வாய் தவறி..."

"அண்ணி, நான் சும்மா விளையாட்டுக்கு..." என்று எக்ஸ்பர்ட் அசடு வழிந்தான்.

"வாயை மூடு." அவன் மூடினான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "இவங்களுக்குத் தெரியாது, விடுங்க. உங்களுக்குமா தெரியல?"

அவர் தலை குனிந்தபடியே இருந்தார். டிவியில் எதிர் டீம் மஞ்சள்சட்டைக்காரன் பெனால்ட்டியை உதைத்து கோல் போட்டான். அதை யாரும் பார்க்கவில்லை.

"கேக்கறேன்ல?"

"சாக்ஸை இழுத்துவிட்டாளே... அப்பவே தெரிஞ்சிடுச்சு," என்றார்.

அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். கண் மங்கிவிட்டது, மகளை மறந்துவிட்டார், கல்நெஞ்சு என்று எதையாவது சொல்லித் திட்டித் தீர்த்திருக்கலாம். இது அதற்கெல்லாம் மேலே இருந்தது.

"தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா பல்லைக் காட்டினீங்க?"

"நாலு பேர் இருக்கறப்ப என்னன்னு சொல்றது? நான் அன்னிக்கே சொன்னேன்ல, இப்படித்தான் திட்டுவாங்கன்னு..."

"சொன்னீங்க! கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்க என்னால முடியாதுன்னு சொன்னீங்க! அதுக்காகத்தானே அவகிட்ட பேச்சையே விட்டீங்க? முடியுதே! ஜம்முனு சாஞ்சு உட்கார்ந்து, கேட்டுச் சிரிக்கவும் முடியுதே! நீங்க பேச்சை விட்டது ஊர் திட்டுமேங்கற கவலையில இல்ல. ஊர் முன்னாடி வாயைத் திறக்க உங்களுக்குத் தைரியம் இல்ல. அவ்வளவுதான்!"

அவர் ஏதோ சொல்ல எழுந்தார். அவள் நிற்கவில்லை. கேபிளை ஒரே இழுப்பில் பிடுங்கி, கம்ப்யூட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். டிவியில் "சிக்னல் இல்லை" என்று எழுத்து வந்து அங்குமிங்கும் மிதந்தது. மூன்று ஆண்பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையிலிருந்த டப்பாக்களைத் தள்ளிவிட்டு அங்கே கம்ப்யூட்டரை வைத்தாள். நீலச்சட்டைகள் அஞ்சாறு பேர் மகளைச் சூழ்ந்துகொண்டு கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவனும் அவளைவிட ஒரு முழம் உயரம். மகள் ஓரடி பின்னால் போகவில்லை. பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் முகத்துக்கு நேரே காட்டினாள். "அப்படிப் போடுடி!" என்று இவள் கத்தினாள். அழுகை வந்தது, அதுவும் கோபத்தில் வந்த அழுகைதான்.

கம்ப்யூட்டரில் சார்ஜ் தீரப்போகிறது என்று சிவப்பு விளக்கு மின்னியது. சார்ஜர் ஹாலில் கிடக்கிறது. என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள் வாசற்படியில் நிழல் விழுந்தது. புருஷன் சார்ஜரை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு நின்றார். அவள் திரும்பாமல் அதை எடுத்துச் செருகினாள். அவர் நின்றே பார்த்தார். உட்காரச் சொல்லி அவள் ஸ்டூலை நகர்த்தவில்லை.

ஆட்டம் முடிந்தது. ஒரு கோலில் நீலச்சட்டை தோற்றது. ஹாலில் கண்டக்டர் மெல்லச் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மகள்தான். இவள் ஃபோனோடு ஹாலுக்கு வந்து, "யாரும் போகக்கூடாது, உட்காருங்க," என்றாள். உட்கார்ந்தார்கள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! அப்பா பார்த்தாரா?" பின்னால் ஒரே இரைச்சல், மகளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தார்."

"கேட்டியா? ரெஃபரியைப் பத்தி என்ன சொன்னார்? பூசி மெழுகாம சொல்லு."

தன் பின்னாலேயே வந்து எதிரே நின்ற புருஷனை அவள் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லல."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "ஒண்ணுமே சொல்லலியா? நீலச்சட்டைக்கு எதிரா பெனால்ட்டி குடுத்தும் ஒண்ணும் சொல்லலியா? ஐயோ அம்மா! அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? அப்பா எப்பவும் சொல்வாரே, ரெஃபரியைப் பத்தி யாரும் பேசலைன்னா அவன்தான் நல்ல ரெஃபரின்னு..." மகளின் குரல் உடைந்தது. சந்தோஷத்தில் அழுதாள்.

அவர் தோள் இறங்கியது. பிடித்துவைத்திருந்த மூச்சை மெதுவாக விட்டார். தப்பித்தோம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கண்டக்டர்கூட எக்ஸ்பர்ட்டைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், நல்லபடியாக முடிந்தது என்பதுபோல.

அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏய், வெச்சிடாத. உங்கப்பா பேசணுமாம்," என்று ஃபோனை அவர் கையில் திணித்தாள்.

"அப்பா?" என்றது ஃபோன். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்தச் சொல்.

"நல்லா... நல்லா இருந்துச்சும்மா," என்று முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் இவள். "திட்டினது தெருவுக்கே கேட்டுச்சு. இது மட்டும் ஏன் ரகசியம்?"

"யாரும்மா திட்டினாங்க?" என்றாள் மகள்.

அவர் தம்பியைப் பார்த்தார். கண்டக்டரைப் பார்த்தார். பிறகு, மைதான ஓரத்தில் நிற்கிறவர் போல உரக்கவே சொன்னார்.

"எல்லாரும் திட்டினாங்கம்மா. உன்னைத் திட்டினாங்க. உன்னைப் பெத்தவளையும் திட்டினாங்க. அவ டீ எடுத்துட்டு வந்து நிக்கறா, அவ முன்னாடியே. நீ குடுத்தது சரியான பெனால்ட்டி. கையில பட்டதை நான் பார்த்தேன். நீதான்னும் எனக்கு முதல்லயே தெரியும்."

மகளின் மூச்சு அடங்கியிருந்தது. பேசியபோது அது அழுத குரலாக இல்லை. நின்று, பார்த்து, தீர்ப்புச் சொல்லப் போகிறவளின் குரலாக இருந்தது.

"அம்மாவைத் திட்டினப்ப நீங்க என்ன பண்ணினீங்கப்பா?"

அவர் ஃபோனை முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், சுடுவதுபோல.

"சிரிச்சேம்மா," என்றார்.

"ஃபோனை அம்மாகிட்ட குடுங்க," என்றாள் மகள்.

அவர் இரண்டு கையாலும் ஃபோனை மனைவியிடம் நீட்டினார். நாலு பேர் பார்க்க அவர் அப்படியே கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று அவள் உடனே வாங்கவில்லை.